மூணடி சாரும் ஒரு துண்டு கேக்கும்

ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரி நீட்டிய கையை அந்தரத்தில் விட்டுவிட்டு, மூன்றடி பின்னால் போய் நின்று கும்பிடு போட்ட ஒரே அரசு ஊழியர், தமிழ்நாட்டின் சரித்திரத்திலேயே எங்கள் மூணடி சார் ஒருத்தர்தான். அதிகாரிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்துவிட்டு, அதே கையால் தலையைக் கோதிக்கொண்டார். ஆபீசில் இருந்த நாங்கள் பன்னிரண்டு பேரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. எனக்கு விக்கலே வந்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். காலைலேர்ந்து நீங்க அறுவது பேருக்குக் கை குடுத்துட்டு வர்றீங்க. அறுவது பேரு மூக்கும் அந்தக் கையிலதான் இருக்குது" என்றார் மூணடி, மிகுந்த மரியாதையோடு.

அதிகாரி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அதற்கப்புறம் ஆய்வு பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

இது கடலூர் மஞ்சக்குப்பத்தில், எங்கள் ஆபீசில் நடந்தது. எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். இன்னும் அங்கேதான் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். 2004-ல் நான் இளநிலை உதவியாளராகப் போய்ச் சேர்ந்த முதல் நாள், எனக்குக் காட்டப்பட்ட நாற்காலிக்கு முன்னால் தரையில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. சுண்ணக்கட்டிக் கோடு. எதிர் மேஜையைச் சுற்றி நாலு பக்கமும் ஓடியது. ஏதோ பரிகாரம் போலிருக்கிறது என்று நினைத்து, நான் கோட்டைத் தாண்டி அந்த மேஜைக்காரருக்கு வணக்கம் சொல்லப் போனேன்.

"அங்கியே நில்லும்மா! தும்முனா மூணடி வரைக்கும் தெறிக்கும். அந்தக் கோடு மூணடி. நீ நல்ல பொண்ணாதான் இருப்பே, ஒன் மூக்கு எப்பிடின்னு எனக்குத் தெரியாதில்ல?"

அன்றைக்கு அவருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. முழுக்கைச் சட்டை. தோளில் தொங்கும் பையில் ஒரு சோப்பு, ஒரு துண்டு, மூடி போட்ட ஒரு டம்ளர். ஆபீசில் தண்ணீர்க் கேன்மேல் சங்கிலி கட்டிய ஒரே எவர்சில்வர் டம்ளர்தான் எல்லோருக்கும். நாங்கள் அண்ணாந்து குடிக்கிறோம் என்று பெயர் பண்ணிக்கொண்டு வாய் வைத்துத்தான் குடிப்போம். அவர் அந்த டம்ளரை ஒருநாளும் தொட்டதில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவும்போது இரண்டாம் வாய்ப்பாட்டை முழுசாகச் சொல்லுவார். "ஓரிரண்டு ரெண்டு"வில் நுரை வரும், "பதினாறிரண்டு முப்பத்திரண்டு" முடிந்தால்தான் தண்ணீர். நடுவில் யாராவது கூப்பிட்டால் மறுபடி முதலிலிருந்து. அவரைக் குழப்பிவிடுவதற்கென்றே டெஸ்பாட்ச் குமார் குழாயடியில் நின்றுகொண்டு "சார், ஒம்போதா பத்தா?" என்று கேட்பான்.

அவர் ஏன் இப்படி என்பது எங்களுக்கு ரகசியமே இல்லை. சிதம்பரத்தில் வீட்டோடு இருந்த அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, நான் சேர்வதற்கு முந்தைய வருஷம் இவருடையதில் ஒன்றை எடுத்து அவருக்கு வைத்திருந்தார்கள். வைத்ததை உடம்பு வேற்றாள் என்று தள்ளிவிடாமல் இருக்க, ஆயுசு முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரையால் நோயை எதிர்க்கிற சக்தி குறைந்து போகும். நமக்கு நாலு நாள் மூக்கு ஒழுகிவிட்டுப் போகிற சளிக்காய்ச்சல், அந்த அக்காவுக்கு நெஞ்சில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்து அனுப்பியிருந்தார்.

"என்னோடது ஒண்ணு சிதம்பரத்துல இருக்குதும்மா. அதப் பத்திரமாப் பாத்துக்கணுமில்ல?" என்று மூணடியே என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

ஆகவே, எங்களுக்குத் தெரியும். வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். தெரிந்தும் சிரித்தோம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால், ஐயோ பாவம், தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று நீங்கள் எங்களை மன்னித்துவிடுவீர்கள்.

அரசாங்க ஆபீசில் ஒரு கலாசாரம் உண்டு. ஃபைலைப் புரட்டுவதற்கு முன்னால் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்ள வேண்டும். அப்படித் தொடாவிட்டால் வேலையே ஓடாது. மூணடியிடம் ஒரு ஃபைல் வந்தால் அதை ஸ்கேலால் திறப்பார். ஓரங்களைப் பார்த்து ஆள் சொல்லுவார். "இது தபால் செக்‌ஷன் எச்சி. இது சூப்பிரண்டு, வெத்தல போடுவாரு, செவப்பா இருக்குது பாரு. இது நீ." நான் மறுத்தேன். "நீதாம்மா. காலைல புளிசாதமா?" என்றார். புளிசாதம்தான்.

ஒருநாள் சொந்தச் செலவில் பன்னிரண்டு சின்ன டப்பா வாங்கி, ஒவ்வொன்றிலும் ஈர ஸ்பாஞ்சு வைத்து, மேஜைக்கு ஒன்றாகக் கொடுத்தார். "நாக்குல தொடாதீங்க, இதுல தொடுங்க. தொட்ட கையால மூக்கு, கண்ணு, வாயி எதையும் தடவாதீங்க. அவ்ளோதான், பாதி சளி வராது." நாங்கள் நன்றி சொன்னோம். ஒரு வாரத்தில் குமாரின் ஸ்பாஞ்சில் ஊதுவத்தி நின்றது. சூப்பிரண்டு தன்னுடையதில் குண்டூசி குத்தி வைத்தார். நான் என்னுடையதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

அவரும் நானும் சிதம்பரத்திலிருந்து தினம் ஒரே பஸ்ஸில் வருவோம். அவருக்கு ஜன்னல் சீட்டு வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். புயல் சின்னம் உருவாகியிருக்கிறது என்று ரேடியோ சொன்ன நாளிலும் திறந்துதான் வைப்பார். பின் சீட்டுக்காரர்கள் கத்துவார்கள். "சாரல் அடிக்குது, மூடுய்யா! சளி புடிக்கும்!"

"மழையில நனைஞ்சா சளி வராதுங்க. மழைக்கு ஒதுங்குனாதான் வரும். மூடுன பஸ்ல அம்பது பேரு ஒருத்தர் மூச்ச ஒருத்தர் இழுத்துக்கினு ஒக்காந்திருக்கோமே, அதுல வரும்."

கண்டக்டர் டிக்கெட் கிழிக்க விரலை நாக்குக்குக் கொண்டுபோனால் போதும், மூணடி பையிலிருந்து ஸ்பாஞ்சு டப்பாவை எடுத்து நீட்டிவிடுவார். முதலில் அந்தக் கண்டக்டர் ஏதோ பிரசாதம் என்று நினைத்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விஷயம் புரிந்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இருவது வருசமா நாக்குலதான்யா கிழிக்கிறேன், எவனும் செத்துப் போவல" என்றார். பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

குடிகாடு தொழிற்பேட்டை பக்கம் வந்தால் காற்றில் ரசாயன நெடி ஏறும். பஸ்ஸில் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் முந்தானையாலும் கர்ச்சீப்பாலும் மூக்கைப் பொத்திக்கொள்வோம். யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. மூணடி அப்போது எழுந்து நின்று, எல்லோரையும் ஒரு வாத்தியார் பார்ப்பது மாதிரி பார்ப்பார். "பாத்தீங்களா? எல்லாருகிட்டயும் துணி இருக்குது, எல்லாருக்கும் மூடத் தெரியுது. தும்முறப்ப மட்டும் ஏங்க மறந்துடுது? துணி இல்லன்னா முழங்கைய மடிச்சு அதுல தும்முங்க. உள்ளங்கையில தும்மிட்டு அதே கையால கம்பியப் புடிக்காதீங்க." நெடி தாண்டியதும் நாங்கள் துணியை எடுத்துவிட்டு நிம்மதியாக ஒருத்தர்மேல் ஒருத்தர் இருமிக்கொண்டு கடலூர் போய்ச் சேருவோம்.

குமாரின் கல்யாணம் திருவந்திபுரம் கோயிலில் நடந்தது. நல்ல முகூர்த்தம். மண்டபத்தில் பத்தடிக்கு ஒரு ஜோடி உட்கார்ந்து தாலி கட்டிக்கொண்டிருந்தது. அந்த நெரிசலுக்குள் வர மாட்டேன் என்று மூணடி தூணோரம் தூரமாக நின்றுகொண்டு, அங்கிருந்தே அட்சதையை வீசி, "நூறு வருஷம் நல்லா இருக்கணும்!" என்று கத்தினார். அட்சதை போய் விழுந்தது பண்ருட்டியிலிருந்து வந்த வேறு யாரோ ஒரு ஜோடிமேல். அந்த மாப்பிள்ளை எழுந்து, தெரியாத மாமாவுக்குக் கும்பிடு போட்டார். "போனாப் போவுது, அவுங்களும் நல்லா இருக்கட்டும்" என்றார் மூணடி. சாப்பாட்டுப் பந்தியில் குமார், "மச்சான், என் நூறு வருஷத்த பண்ருட்டிக்காரன் எடுத்துக்கினு போய்ட்டான்டா" என்று சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் புரையேறியது.

2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்தது. அடேயப்பா, அந்த ஒன்றரை மாசம் மூணடிக்கு வந்த மவுசைப் பார்க்க வேண்டுமே! மருந்துக்கடையில் முகமூடி கிடைக்கவில்லை. வேட்டி கிழித்து மூக்கில் கட்டிக்கொண்டு ஆள் ஆளாக அவர் கோட்டுக்கு வெளியே வரிசையில் நின்றோம். எத்தனை நாள் ஒட்டும், எப்படிக் கழுவணும், குழந்தையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா. குமார் கற்பூரத்தைத் துணியில் முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தான்.

"கற்பூரம் சாமிக்கு, சோப்பு கைக்கு. ரெண்டையும் மாத்தாதே" என்றார் மூணடி. "ஜுரம் வந்தா வூட்டுலயே இரு. வர்றதுக்கு மொத நாளே ஒட்ட ஆரம்பிச்சுடும், வந்தப்புறம் அஞ்சாறு நாளு ஒட்டும். லீவு எதுக்கு இருக்குது? சினிமா பாக்கவா?"

சொன்னதையெல்லாம் கேட்டோம். ஆபீசே இரண்டாம் வாய்ப்பாடு சொல்லிக் கை கழுவியது. அப்புறம் பேப்பரில் முதல் பக்கத்திலிருந்து செய்தி ஆறாம் பக்கத்துக்குப் போனது. கற்பூரம் கரைந்தது. கட்டைவிரல்கள் நாக்குக்குத் திரும்பின. வெற்றிலை போடுகிற சூப்பிரண்டு, "செத்தாலும் நாக்குலதான்யா பொரட்டுவேன்" என்று அறிவித்து ஒரு ஃபைலைத் திறந்தார், நாங்கள் கை தட்டினோம்.

அடுத்த தை மாசம் அந்தச் சூப்பிரண்டு ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் வாழ்த்து மடல் வாசிக்கும் பொறுப்பு எனக்கு. நானே எழுதி, நானே சட்டம் போட்டு, மாம்பழக் கலர் பட்டுப்புடவைக்கு ரவிக்கையும் தைத்து வைத்திருந்தேன். விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் எனக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி, மூக்கில் குழாய் திறந்த மாதிரி சளி. லீவு இருந்தது. ஒன்பது நாள் இருந்தது. ஆனால் நான் போகாவிட்டால் மடலை அந்தக் குமார் வாசிப்பான். அதை என்னால் தாங்க முடியவில்லை. விழாவன்று மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பவுடரை அப்பிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூணடி இரண்டு சீட்டு தள்ளியிருந்து என்னைப் பார்த்தார். "ஏம்மா, கண்ணு செவந்திருக்குது? ஜுரமா?"

"தூசி சார்" என்றேன்.

"நெசமாவா?"

"ஆமா சார். வூட்டுல ஒட்டடை அடிச்சேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனிதர் உலகத்தில் எவன் மூக்கையும் நம்பியதில்லை, என் வார்த்தையை நம்பினார்.

மடலை நன்றாகத்தான் வாசித்தேன். கடைசி வரியில் சூப்பிரண்டு அழுதார். கேக் வெட்டினார்கள். எங்கள் ஆபீசில் கேக்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் அவமரியாதை, ஒருத்தர் வாயில் ஒருத்தர் ஊட்ட வேண்டும். ஒரே கேக்கில் பன்னிரண்டு கை, பன்னிரண்டு வாய். மூணடி வழக்கம்போல் வாசலோரம் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சூப்பிரண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் கடைசி ஆசை ஒண்ணு. இன்னிக்கு மூணடி கோட்டத் தாண்டி வந்து கேக் சாப்புடணும்" என்றார்.

"ஸ்பூன்ல குடுங்க சார், சாப்புடுறேன்" என்றார் மூணடி.

"ஸ்பூனாவது, கீப்பூனாவது!" என்று குமார் ஓடிப்போய் ஒரு கையைப் பிடித்தான். இன்னொரு கையை வாட்ச்மேன் பிடித்தார். எல்லோரும் கத்தினார்கள். "அந்தப் பொண்ணு ஊட்டட்டும்! ரெண்டு பேரும் ஒரே ஊரு, ஒரே பஸ்ஸு!"

நான் ஊட்டினேன். கர்ச்சீப் நனைந்துபோய்விட்டதால், அதற்குச் சற்று முன்னால்தான் புறங்கையால் மூக்கைத் துடைத்திருந்தேன். அந்தக் கையால் ஒரு பெரிய துண்டு எடுத்து, சிரித்துக்கொண்டே, அவர் வாயில் திணித்தேன். ஃபோட்டோக்காரர் அதைப் படம் பிடித்தார். அறை முழுக்கக் கைதட்டல். பாவி நான், அந்த நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

மூணடி கோபப்படவில்லை. கையை விட்டதும் நேராகக் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தார், முகத்தைக் கழுவினார். நான் பின்னாலேயே போனேன். அவர் திரும்பாமலே கேட்டார்.

"காலைல தூசின்னு சொன்னே. இப்ப உண்மையச் சொல்லும்மா."

"ரெண்டு நாளா ஜுரம் சார்."

அவர் வாய்ப்பாடு சொல்லவில்லை. குழாயை மூடினார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "நான் வூட்டுக்குப் போவ முடியாது" என்று மட்டும் சொன்னார், என்னிடம் அல்ல, குழாயிடம்.

அப்புறம் நடந்ததைக் கேட்டுக் குமார் ஒரு வருஷம் சிரித்தான். மூணடி கடலூரில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கியிருக்கிறார். ஏறின இடத்திலெல்லாம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். "ஒரு வாரத்துக்கு ரூம் வேணும். எனக்கு ஜுரம் வரப்போவுது. இன்னும் வரல, நாளன்னிக்கி வரும்." ஒரு மேனேஜர், "வந்த ஜுரத்துக்கே நாங்க ரூம் குடுக்கிறதில்ல, வரப்போற ஜுரத்துக்கா?" என்று விரட்டினாராம். நாலாவது லாட்ஜில், மாடியில் கடைசி அறை கிடைத்தது. துண்டும் சோப்பும் கையோடு இருந்தன. மாற்றுத் துணி இல்லை.

நான் வீட்டில் படுத்துக்கிடந்தேன். மூன்றாம் நாள் ஃபோன் பண்ணினேன். மூக்கடைத்த குரலில், "வந்துடுச்சும்மா. சொன்ன மாதிரியே ரெண்டாம் நாளு" என்றார். கணக்கு சரியாக வந்ததில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது. "அவகிட்ட எந்த லாட்ஜுன்னு சொல்லல. சொன்னா வந்துடுவா. நீயும் சொல்லிடாதே."

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா எனக்கு ஃபோன் பண்ணினார். "ஏம்மா, ஆபீசுல வேல ஜாஸ்தி, கடலூர்லயே தங்கிக்கிறேன்னு சொன்னாரு, குரலக் கேட்டா ஜுரம் மாதிரி இருக்குது. எங்க இருக்காருன்னு ஒனக்குத் தெரியுமா? நான் ஒரு மொளகு ரசம் வச்சுக் குடுத்துட்டு ஓடியாந்துடுறேன். தனியாக் கெடப்பாரே."

அவரை அங்கே தனியாகப் படுக்க வைத்தது நான். அதை அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக லாட்ஜின் பெயரைச் சொன்னேன். ஏதோ ஒரு நல்லது செய்கிற மாதிரி சொன்னேன். "பஸ்ல கூட்டமா இருக்கும்க்கா" என்று ஒப்புக்கு ஒரு வார்த்தை சேர்த்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

மறுநாள் முகூர்த்தம். பஸ் பிதுங்கியது. தூறல் வேறு, ஜன்னலெல்லாம் மூடியிருந்தது. ஆறு வருஷமாகப் பஸ்ஸே ஏறாத அக்கா, தூக்குப்பாத்திரத்தில் ரசத்தை எடுத்துக்கொண்டு, சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் நின்றுகொண்டே போயிருக்கிறார். மூணடி கதவைத் திறக்கவில்லை.

"வெளிய வச்சிட்டு அந்தாண்டப் போ! படிக்கட்டுக்குப் போ! போய்ட்டியா?"

அக்கா படிக்கட்டில் உட்கார்ந்தபிறகு, அவர் கையை மட்டும் நீட்டிப் பாத்திரத்தை உள்ளே எடுத்துக்கொண்டார். கதவுக்கு இந்தப் பக்கத்திலிருந்து அக்கா கேட்டாராம். "உப்பு சரியா இருக்குதா?"

"மூக்கடைச்சிக் கெடக்குது, ருசி ஒண்ணும் தெரியல. நல்லாதான் இருக்கும். நீ மொதல்ல கெளம்பு."

அக்கா அதே மாதிரி ஒரு பஸ்ஸில் திரும்பி வந்தார். நாலு நாள் கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. கதவு மூடியிருந்ததால் வந்தது மூணடியிடமிருந்து இல்லை. பஸ்ஸில் எந்த மூக்கோ, யாருக்குத் தெரியும்? நெஞ்சில் இறங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் படுத்திருந்தார். உயிர் பிழைத்தார். வைத்திருந்த சிறுநீரகம் பிழைக்கவில்லை.

ஒன்றரை மாசம் கழித்து மூணடி வேலைக்கு வந்தார். ஆபீசில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? "பாத்தியா, இவ்ளோ ஜாக்கிரதையா இருந்தவருக்கே வந்துடுச்சு! வர்றது வந்துதான் தீரும்." குமார் சொன்னான், வாட்ச்மேன் சொன்னார், டீ கொண்டு வருகிறவர்கூடச் சொன்னார். சொல்லிவிட்டுக் கட்டைவிரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். அவருக்கு அது தானாக வரவில்லை, நாம் கையைப் பிடித்துக்கொண்டு ஊட்டினோம் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. யாராவது கேட்டால், மூணடியே "பஸ்ல ஒட்டிக்கிச்சு" என்றுதான் சொன்னார். என் பெயரை ஒருதரம்கூட அவர் எடுக்கவில்லை. ஒரு திட்டு திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை.

அவர் கோடு போடுவதையும் நிறுத்திவிட்டார். கோடு போட்டால்தானே எங்களுக்குச் சிரிக்க ஏதாவது இருக்கும்? அதுவும் இல்லாமல் போனது. ஒரு திங்கட்கிழமை சீக்கிரமே போய், சுண்ணக்கட்டி எடுத்து, அவர் மேஜையைச் சுற்றி நானே குனிந்து கோடு போட்டேன். அவர் வந்தார், நின்று பார்த்தார், டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தார்.

"இது ரெண்டே முக்கால்தாம்மா இருக்குது" என்றார். அழித்துவிட்டு, சரியாகப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு நான் மேஜையில் கவிழ்ந்துகொண்டு அழுதேன். குமார், "சளியா?" என்று கேட்டான்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று சிதம்பரம் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வாரத்துக்கு மூன்று தடவை ரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்துகொண்டிருந்தார். கறுத்து, பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, "மூணடி தள்ளியே நில்லும்மா, அவுரு பாத்தாருன்னா கத்துவாரு" என்றார்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்க்கா. அவருக்கு அன்னிக்கு ஜுரம்..."

"தெரியும்."

"சார் சொன்னாரா?"

"அவரா? அவரு யாரையாச்சும் காட்டிக் குடுப்பாரா? ஃபோட்டோ குடுத்தாங்க இல்ல, அதுல பாத்தேன். எல்லாரும் சிரிக்கிறீங்க. ஒன் மூக்கு மட்டும் தக்காளி மாதிரி இருக்குது." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "நானும்தானே அறிவில்லாம பஸ் ஏறுனேன். ரசத்தக் கொண்டாந்து குடுக்கணும்னு யாரு அழுதா? அந்த மனுஷனுக்கு அதுல உப்புகூடத் தெரியல."

ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிட்டதாக அவருக்குக் கடைசிவரைக்கும் ஒரு சந்தேகம் இருந்தது.

மூணடி 2011-ல் ஓய்வு பெற்றார். விழா வேண்டாம் என்றார். இந்த வருஷம், 2012-ல், அக்கா போய்விட்டார். ஆபீஸ் மொத்தமும் வேன் வைத்துக்கொண்டு சிதம்பரம் போனோம். சாவு வீட்டில், துக்கம் கேட்க வருகிற ஆண்கள் கையைத் தொட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெரிய அதிகாரி நீட்டியும் வாங்காத கையை, வந்தவர் போனவர் எல்லோருக்கும் நீட்டிக்கொண்டிருந்தார். குமார் கொடுத்தான், வாட்ச்மேன் கொடுத்தார், ஓய்வு பெற்ற சூப்பிரண்டு வந்து கொடுத்தார். ஒருத்தர் இருமிக்கொண்டே கொடுத்தார், அதையும் வாங்கிக்கொண்டார். சோப்பு இருந்த பை எங்கேயும் காணவில்லை.

நான் பழக்கத்தில் மூன்றடி தள்ளி நின்றேன்.

"கிட்ட வாம்மா" என்றார். "இனிமே என்னா."

போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சோப்பால் தேய்ந்து காகிதம் மாதிரி இருந்தது. அத்தனை வருஷத்தில் அந்தக் கையை நான் தொட்டது அன்றைக்குத்தான்.

நேற்றிலிருந்து எனக்குக் காய்ச்சல். இதைப் படுக்கையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஆபீசில் இன்றைக்கு முக்கியமான மீட்டிங், நான் பேச வேண்டியது, குமார் பேசிக்கொள்ளட்டும். லீவு லெட்டர் கொடுத்தனுப்பிவிட்டேன் சார். தூசி என்று எழுதவில்லை, ஜுரம் என்றே எழுதியிருக்கிறேன்.